படியில் நின்ற பூச்சியும் நான் எழுதிய விண்ணப்பமும்

இருபத்தாறு வருஷம் ஒரே மாமனார் வீட்டில், பக்கத்துப் பக்கத்து இலையில் உட்கார்ந்து, கடைசி அப்பளத்துக்கு என்னோடு சேர்ந்து கை நீட்டிய என் அன்புச் சகலை கோமதிநாயகத்துக்கு,

வருகிற ஆடியோடு நீர் போய் ஒரு வருஷம். சௌக்கியமா என்று கேட்டால் சிரிப்பீர். கேட்காமல் எழுதவும் கை வரவில்லை. அங்கன சாரல் உண்டுமா? இங்கன வந்துவிட்டது. தென்காசி முழுக்க ஈர வேட்டி வாசம்.

முதலில் வீட்டுச் செய்தி. உம் வீட்டம்மா, என் மதினி, நன்றாக இருக்கிறார்கள். டிவி ரிமோட் இப்போது அவர்கள் ஆட்சியில். அழுகை குறைந்திருக்கிறது, குழம்பில் உப்பு கூடியிருக்கிறது, அதை யாரும் சொல்வதில்லை. என் வீட்டுக்காரி மட்டும் வாரத்துக்கு ஒரு தடவை பெருமூச்சு விடுவாள். "அத்தான் போனதோட உங்களுக்குப் புத்தி சொல்ல இந்த ஊர்ல ஆளே இல்லாமப் போச்சு" என்பாள். நான் பத்திரிகையில் நகைச்சுவை எழுதுகிறவன், எனக்கு எதற்குப் புத்தி என்று கேட்டேன். "அதான் நானும் சொல்லுதேன்" என்று போய்விட்டாள்.

போன வாரம் ராயகிரியிலிருந்து சொந்தக்காரர்கள் வேன் பிடித்து வந்தார்கள். ஐந்தருவிக்குக் கூட்டிப் போனேன். தண்ணீர் என்னவோ நல்ல தண்ணீர்தான், மேலேயிருந்து விழுகிற வரைக்கும். கீழே வந்ததும் அது வேறு ஜாதித் தண்ணீர் ஆகிவிடுகிறது. எண்ணெய், சீயக்காய், நுரை, மிச்சப் பிரியாணி. கிழிந்த ஷாம்பு பாக்கெட்டுகள் பாறை இடுக்கில் மீன் செதிலைப் போல ஒட்டிக் கிடக்கின்றன. ஒரு நல்ல குடும்பத்துப் பெண், பிள்ளைக்குக் கட்டிக் கழற்றியதைச் சுருட்டி ஒரு மரக்கிளையில் அழகாகச் செருகிவிட்டுப் போனாள். ‘சோப்பு, ஷாம்பு உபயோகிக்கக் கூடாது’ என்ற பலகையின் மேல் யாரோ ஒரு சோப்பை வைத்துவிட்டுக் குளிக்கப் போயிருந்தார். வைக்க வாகாக இருந்திருக்கும் போல. எனக்குக் குமட்டியது. குமட்டிக்கொண்டிருக்கும்போதே ராயகிரி மைத்துனர் ஒருவர் என் தலையிலும் ஒரு பாக்கெட்டைப் பிழிந்து தேய்த்துவிட்டார். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. மல்லிகை வாசம்.

ஊர்க்காரன் அசிங்கத்தைப் பற்றி எழுதினால் எனக்குப் பேனா நிற்காமல் ஓடும், உமக்குத் தெரியும். ஆனால் இது என் அசிங்கத்தைப் பற்றிய கடிதம். அதனால்தான் இவ்வளவு நேரம் அருவியில் நின்றுகொண்டிருந்தேன்.

உம் ஊசித்தட்டான் விஷயம்தான் வே.

இதை வாசிக்கிற மற்றவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், பொறுத்துக்கொள்ளும். என் சகலை தென்காசி – செங்கோட்டை வண்டியில் கண்டக்டர். விடுமுறை நாளில் மற்ற கண்டக்டர்கள் தூங்குவார்கள். இவர் எங்கள் தெருவுக்குப் பின்னால், இலத்தூர் பக்கம் போகிற வயக்காட்டு ஓடையில் போய்க் குந்தியிருப்பார். எதற்கு? பூச்சி பார்க்க. மாமனார் வீட்டில் நாங்கள் அத்தனை பேரும் சிரித்தோம். அதிகம் சிரித்தது நான். இவரை வைத்து இரண்டு கட்டுரை எழுதிப் பிரசுரமும் ஆனது.

அந்த ஓடையில்தான் இவர் அதைக் கண்டுபிடித்தார். ஈர்க்குச்சி மொத்தத்தில் ஒரு கறுப்பு ஊசித்தட்டான். வால் நுனி மட்டும் நீல மையில் முக்கி எடுத்த மாதிரி. சாதாரணத் தட்டான் உட்காரும்போது இறக்கையை ஏரோப்ளேன் மாதிரி விரித்து வைத்திருக்கும். இது முதுகுக்கு மேல் மடக்கிக்கொண்டு அடக்கமாக உட்காரும். தெருப் பிள்ளைகள் அதற்கு ‘நீலவாலு’ என்று பேர் வைத்தார்கள். இவர் படம் எடுத்துக் கல்லூரிப் பேராசிரியர் ஒருவரிடம் காட்டினார். அவர் பார்த்துவிட்டு, இது நம்முடைய மலைத்தொடரை விட்டால் வேறெங்கும் இல்லாதது, ‘அச்சுறு நிலையை அண்மித்த இனம்’ என்றாராம்.

அந்தப் பேரைச் சொல்லி முடிப்பதற்குள் பூச்சி அழிந்துவிடும் என்று நான் கிண்டல் பண்ணினேன். நீர் கோபப்படவில்லை. எட்டுப் பிள்ளைகளை ஓடைக்கரையில் உட்கார வைத்து நீர் சொன்னது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

"பஸ்ஸ நினைச்சுக்கோங்க. காக்கா, வீட்டு ஈ, கரப்பான் எல்லாம் சீட்டுல ஜம்முனு உக்காந்திருக்கு. அதுகளப் பத்திக் கவலையில்ல. சிலது ஒரு கையால கம்பியப் பிடிச்சி வெளியில தொங்குது. அது ஆபத்து, எல்லாரும் அய்யோங்காவ. கை நழுவிப் போனதுக்கு நான் விசில் ஊதிப் பிரயோசனமில்ல. நம்ம நீலவாலு இருக்கே, அது படியில நிக்குது. விழல. ஆனா அடுத்த வளைவு எப்படின்னு தெரியாது."

தெருவிலேயே வாய் நீளமான முத்துலட்சுமி, ஆறாம் வகுப்பு, உடனே கேட்டாள்: "படியில நிக்குதத உள்ள இழுக்க முடியாதா மாமா?"

"இழுக்க வேண்டாம்ட்டி. உள்ள இடம் இருந்தா அதுவே ஏறிக்கிடும். நாமதான் வழியில மூட்டைய வச்சிட்டு நகர மாட்டேங்கோம்."

என்னென்ன மூட்டை என்று அந்தப் பிள்ளைகள் அன்றைக்கே சொல்லக் கற்றுக்கொண்டார்கள். தாய்த்தட்டான் முட்டையை ஓடையோரச் செடியின் தண்டுக்குள் செருகி வைக்கும். அதனால் செடியை வெட்டக் கூடாது. முட்டையிலிருந்து வருவது தண்ணீருக்குள்தான் மாதக்கணக்கில் வளரும். அதனால் சோப்புத் தண்ணீரும் மருந்துத் தண்ணீரும் வரக் கூடாது. தண்ணீருக்குள் இருக்கும்போது கொசுப்புழுவைத் தின்னும், வெளியில் வந்தபிறகு கொசுவைத் தின்னும். அதாவது, அது இருந்தால் நமக்குத்தான் லாபம். இதையெல்லாம் நானும் பக்கத்தில் நின்று கேட்டேன் வே. இரண்டு காதாலும் கேட்டேன்.

நீர் போன மறு வாரம் எட்டுப் பேரும் என் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். "மாமா, பூச்சி பாக்கப் போவமா?" உம் மூக்குக் கண்ணாடியைத் தவிர உம்முடைய எல்லாம் எனக்கு வந்து சேர்ந்தன என்று வையும். போனேன். எனக்குத் தட்டானுக்கும் தட்டைப்பயிறுக்கும் வித்தியாசம் தெரியாது. ஜோக் சொல்லிச் சமாளித்தேன். பிள்ளைகள் சிரிக்கவில்லை. நோட்டை எடுத்து எத்தனை நீலவாலு என்று எழுதிக்கொண்டார்கள். பதினொன்று. ஒன்பது. பதினான்கு.

அப்புறம்தான் எனக்கு அந்த யோசனை வந்தது. நல்ல யோசனை எதுவும் எனக்கு இவ்வளவு வேகமாக வந்ததில்லை. உம் பெயரில் ஓடைக்கரையில் ஒரு பலகை வைப்போம். ‘கண்டக்டர் கோமதிநாயகம் நினைவு ஊசித்தட்டான் ஓடை.’ மதினி அழுதார்கள். நம் மச்சினன் விழாக் குழு என்று ஆரம்பித்தான். தலைவர் யார்? சொல்ல வேண்டுமா.

பலகை திறக்க ஒரு பெரிய மனிதரைப் பிடித்தோம். பேர் வேண்டாம், அவர் மேல் பழியில்லை. அவருடைய உதவியாளர் போன் பண்ணினார். "ஓடைக்கரைன்னு சொல்லுதீய. அண்ணாச்சிக்குக் கொசு கடிச்சா உடனே தடிச்சிரும். மூஞ்சி தடிச்சா போட்டோ நல்லாருக்காது. பாத்துக்கோங்க."

பார்த்துக்கொண்டேன். மருந்தடிக்கிற ஆபீஸுக்கு நானே உட்கார்ந்து விண்ணப்பம் எழுதினேன். ‘பொருள்: பூச்சிகள் பாதுகாப்பு விழா – பூச்சிகளை ஒழித்துத் தருவது தொடர்பாக’ என்று தலைப்பு. கீழே, ‘விழா நடைபெறவுள்ள ஓடைக்கரையில் மண்டிக் கிடக்கும் செடி கொடிகளை வேரோடு அகற்றி, பூச்சி புழு ஒன்றுகூட எஞ்சாதவண்ணம் மருந்தடித்துத் தருமாறு பணிவன்புடன் வேண்டுகிறேன்.’

ஜோக் என்று நினைக்காதீர். அப்படியேதான் எழுதினேன். எழுதிவிட்டு, ‘எஞ்சாதவண்ணம்’ நன்றாக விழுந்திருக்கிறதே என்று என் வீட்டுக்காரியிடம் ஒரு தடவை உரக்க வாசித்துக் காட்டினேன். "நல்லாத்தான் இருக்கு" என்றாள், வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டே. கையெழுத்துப் போட்டேன். அடியில் ‘தலைவர்’ என்றும் போட்டேன். நம் ஊரில் விழா என்றால் செடி வெட்டி, மண் சமன்படுத்தி, பிளீச்சிங் பவுடர் தூவி, புகை அடித்து, பந்தல் போடுவது. கோயில் கொடையோ, கட்சிக் கூட்டமோ, கல்யாணமோ, எதுவானாலும் அப்படித்தான். பழக்கம் கையைப் பிடித்து எழுத வைத்தது. மூளையை யாரும் கூப்பிடவில்லை, அதுவும் வரவில்லை.

வைகாசிக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை விழா. நான் வெள்ளை வேட்டியில் ஒன்பது மணிக்குப் போய்ச் சேர்ந்தேன். ஓடைக்கரை மொட்டையடித்த தலை மாதிரி இருந்தது. ஒரு செடி இல்லை. பாதை நெடுக இரண்டு பக்கமும் பிளீச்சிங் பவுடர் கோடு. நீல நாற்காலிகள். டீசல் புகையும் மருந்தும் கலந்த வாடை இன்னும் கலையவில்லை. பிளெக்ஸில் உம் படம். போட்டோக் கடைக்காரன் அன்பு மிகுதியில் உமக்கு முதுகில் இரண்டு இறக்கை வைத்திருந்தான், வண்ணத்துப்பூச்சி இறக்கை. பிரமாதம் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன் வே. இதை எழுதும்போது என் முகத்தில் நானே துப்பத் தோன்றுகிறது. அன்றைக்கு, பிரமாதம் என்றுதான் சொன்னேன்.

பிள்ளைகள் எட்டுப் பேரும் இஸ்திரி போட்ட யூனிபாரத்தில் வந்தார்கள். பந்தலைப் பார்க்கவில்லை, நாற்காலியைப் பார்க்கவில்லை. நேரே தண்ணீர் ஓரம் போய்க் குந்தினார்கள். முத்துலட்சுமி மண்ணிலிருந்து எதையோ எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். நீல நுனி. அப்போதுதான் எனக்கு என் விண்ணப்பம் ஞாபகம் வந்தது.

சிறப்பு விருந்தினர் வந்தார். பலகையைத் திறந்தார். "பூச்சிகள் நம் தோழர்கள்" என்று இருபது நிமிஷம் பேசினார். ஒரு கொசுகூட அவரைக் கடிக்கவில்லை. பிறகு, நிகழ்ச்சி நிரலில் இருந்தபடி, ‘அச்சுறு நிலை என்றால் என்ன?’ என்று விளக்க முத்துலட்சுமியைக் கூப்பிட்டோம். மைக் அவள் நெற்றிக்கு நேராக இருந்தது, யாரும் இறக்கி வைக்கவில்லை. குதிகாலை உயர்த்திக்கொண்டு பேசினாள்.

"எங்க நீலவாலு படியில நின்னுச்சு. போன வாரம் பன்னெண்டு நின்னுச்சு. இன்னைக்கு ஒண்ணுமில்ல. யாரு இங்க மருந்தடிக்கச் சொன்னது?"

விருந்தினர் உதவியாளரைப் பார்த்தார். உதவியாளர் என்னைப் பார்த்தார். நான் என்ன செய்தேன் தெரியுமா? திரும்பி, என் பின்னால் யாராவது இருக்கிறார்களா என்று பார்த்தேன். மச்சினன் மைக்கை வாங்கி, "யாரோ தெரியாம அடிச்சிட்டாவ போலுக்கு, விசாரிப்போம்" என்றான். நான் தலையை ஆட்டினேன். யாரோ. ஆமாம், யாரோ.

விசாரணை அங்கேயே முடிந்துவிட்டது. ஏனென்றால் மருந்தடிக்கிறவர் நம் தெருக்காரர்தான். இசக்கிமுத்து. தோளில் அந்தப் புகை மிஷினைத் தூக்கிக்கொண்டு போவாரே, அவரேதான். அவர் மகள் பேச்சி இந்த எட்டுப் பேரில் ஒருத்தி. மிச்ச ஏழு பேரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள்.

அடுத்த ஞாயிறு நோட்டில் பூஜ்யம். அதற்கடுத்த ஞாயிறும் பூஜ்யம். நோட்டை யாரும் பேச்சி கையில் கொடுக்கவில்லை. "உங்கப்பாதானட்டி கொன்னாரு, நீ வராத" என்று ஒருத்தி சொன்னதை என் காதால் கேட்டேன். பேச்சி ரோட்டிலேயே நின்றுகொண்டாள், ஓடைக்கு இறங்கவில்லை. நான் பெரிய மனுஷனாயிற்றே, நிலைமையைச் சரிசெய்ய ஒரு ஜோக் சொன்னேன். நாலாவது ஞாயிறு அவள் ரோட்டிலும் இல்லை.

உலகத்தில் எத்தனையோ அருவருப்பைப் பார்த்து மூக்கைப் பொத்தியிருக்கிறேன். பொத்தின கை நாறுகிறது என்று தெரிய இவ்வளவு வயசாகியிருக்கிறது.

நேற்றுச் சாயங்காலம் இசக்கிமுத்துவை டீக்கடையில் பிடித்தேன். சுற்றி வளைத்து, சாரல், அருவி, பஸ் கட்டணம் எல்லாம் பேசி முடித்துத்தான் விஷயத்துக்கு வந்தேன்.

"இசக்கி, அன்னைக்கு மருந்தடிச்சது…"

"ஆமா அண்ணாச்சி. நீங்க எழுதுன தாளக் குடுத்துத்தான் அனுப்புனாவ. படிச்சேன். ‘ஒன்றுகூட எஞ்சாதவண்ணம்’னு போட்டிருந்திய. எழுத்து முத்து முத்தா இருந்துச்சு."

டீ எனக்குப் புரையேறியது.

"தெரிஞ்சும் ஏன் பிள்ளைவகிட்டச் சொல்லல? பேச்சிகிட்டயாவது சொல்லியிருக்கலாமுல்லா?"

"எப்படிச் சொல்ல? நீங்க அதுகளுக்கு மாமா. பாடம் சொல்லுதிய. ‘எங்கப்பா இல்லட்டி, மாமாதான்’னு இவ போய்ச் சொன்னா நாளைக்கு உங்க கூட எந்தப் பிள்ள வரும்? எனக்கு என்ன, மருந்தடிக்கவன்னு ஏற்கெனவே பேரு. அது பாட்டுக்கு இருந்துட்டுப் போட்டும்."

இசக்கிமுத்து எழுந்தார், பிறகு மறுபடி உட்கார்ந்தார்.

"ஒண்ணு சொல்லுதேன் அண்ணாச்சி, ஆபீஸ்ல சொல்லிராதிய. தண்ணிப் பக்கம் நான் மிஷினத் திருப்பல. பந்தல் பக்கமா மட்டும் அடிச்சிட்டு வந்துட்டேன். பவுடரையும் பாதையோட நிறுத்திட்டேன். குஞ்செல்லாம் தண்ணிக்குள்ளதான் இருக்கும், மருந்து படக் கூடாதுன்னு பேச்சி வீட்டுல ஒரே பாட்டாப் பாடும். காத்து எந்தப் பக்கம் கொண்டு போச்சுன்னுதான் தெரியல. செடிய வெட்டுனது நான் இல்ல, அதுக்கு வேற ஆளு வந்தாவ."

கேட்டீரா சகலை? நீர் பிள்ளைகளுக்குச் சொன்னதை, அங்கே இல்லாத ஒரு ஆள், மகள் வாயால் கேட்டு, புகை மிஷினோடு நின்றுகொண்டு ஞாபகம் வைத்திருக்கிறார். பக்கத்திலேயே நின்று இரண்டு காதாலும் கேட்டவன் விண்ணப்பம் எழுதியிருக்கிறேன். பழி அவருக்கு, மாலை எனக்கு. ஆமாம், அன்றைக்கு எனக்கும் ஒரு மாலை போட்டார்கள்.

தண்ணீருக்குள் ஏதாவது மிச்சம் இருக்குமா? மேலே வந்தால் உட்கார ஒரு தண்டு இல்லையே, என்ன செய்யும்? வெட்டின செடி இந்த மழைக்குத் துளிர்க்குமா? படியிலிருந்து அது இறங்கித் தொங்குகிறதா, போயேவிட்டதா? பேராசிரியரிடம் கேட்டேன். கரையைத் தொடாமல் விட்டுவிட்டுப் பொறுத்திருந்து பாருங்கள் என்றார். அதற்கு மேல் அவருக்கும் தெரியவில்லை. உமக்குத் தெரிந்தால் கனவில் வந்து சொல்லும். திட்டுவதாக இருந்தாலும் வந்து திட்டும்.

இன்று காலையில் மச்சினனைக் கூட்டிக்கொண்டு போய்ப் பலகையைப் பிடுங்கிவிட்டேன். பந்தல் போட்ட குழியை மூடினோம். "அத்தானுக்கு வச்ச பலகைல்லா" என்று அவன் குதித்தான். நீர் இருந்தால் முதலில் பிடுங்கியிருப்பது நீராகத்தான் இருக்கும் என்றேன். மதினியிடம் நடந்ததை முழுசாகச் சொன்னேன். அவர்கள் அழவில்லை. என்னை மேலும் கீழும் பார்த்தார்கள். "பிள்ளைவகிட்டச் சொல்லியாச்சா?" என்று மட்டும் கேட்டார்கள். இல்லை என்றேன். "அப்போ எங்கிட்ட எதுக்குச் சொல்லுதிய?" என்று உள்ளே போய்விட்டார்கள்.

அதனால் ஒன்று சொல்கிறேன், கேட்டுக்கொள்ளும். நாளை மறுநாள் ஞாயிறு. முதலில் இசக்கிமுத்து வீட்டுக்குப் போவேன். பேச்சி வராமல் ஓடைக்குப் போக மாட்டேன். வர மாட்டேன் என்றால் வாசலில் உட்கார்ந்துகொள்வேன். பிறகு எட்டுப் பேர் முன்னாலும் நின்று, அந்த விண்ணப்பத்தை ‘பொருள்’ முதல் ‘தலைவர்’ வரை வாசிப்பேன். அடுத்து இந்தக் கடிதத்தை. நடுவில் ஜோக் சொல்ல மாட்டேன். கடிதத்தில் ஏற்கெனவே இருப்பவற்றை என்ன செய்வதென்று தெரியவில்லை. சிரிப்பு வந்தால் என்னைப் பார்த்துச் சிரிக்கட்டும். அதன் பிறகு அவர்கள் என்னைச் சேர்த்துக்கொள்வார்களா மாட்டார்களா, அது அவர்கள் இஷ்டம். நோட்டு, பேச்சி கைக்குப் போக வேண்டும். நீலவாலு வந்தால் முதலில் அவள் எண்ணட்டும். வராவிட்டால் பூஜ்யத்தையும் அவளே எழுதட்டும், யார் போட்ட பூஜ்யம் என்று தெரிந்து எழுதட்டும்.

இப்படிக்கு,
மருந்தடிக்கச் சொன்னது நான்தான் என்று எழுதி, அதன் கீழ் கையெழுத்திடும்
உம் சகலை